பிறமொழி வாயில்: கன்னடத் திரை வழி நுழைந்த தமிழ் இயக்குநர் இருவர்

1. முன்னுரை

புதியவர் ஒருவர் திரைத்துறைக்குள் எவ்வாறு நுழைகிறார் என்பது திரைப்பட வரலாற்றாசிரியர்க்கு மட்டும் உரிய வினா அன்று. அவர் தம் திரைக்கதையை எந்த மொழியில் எழுதினார், நடிகர் அதனை எந்த மொழியில் பேசினர், இவ்விரண்டுக்கும் இடையே நின்று மொழிபெயர்த்தவர் யார் என்னும் வினாக்களும் அதனுள் அடங்கியுள்ளன. இவை மொழியியலாரும் மொழிபெயர்ப்பாளரும் கருத வேண்டியவை.

தமிழ்த் திரையின் போக்கை மாற்றியவர்களாகக் கருதப்படும் பாலு மகேந்திரா, மணிரத்னம் ஆகிய இருவரும் தம் முதற்படத்தைத் தமிழில் இயக்கவில்லை, கன்னடத்தில் இயக்கினர். முன்னவர் படம் 'கோகிலா' (1977). பின்னவர் படம் 'பல்லவி அனுபல்லவி' (1983). இரு படங்களும் சிறந்த திரைக்கதைக்கான கர்நாடக அரசின் விருதைப் பெற்றன. கன்னடத்தைத் தாய்மொழியாகக் கொள்ளாத இருவர்க்கு, அதுவும் முதல் முயற்சியிலேயே, எழுத்துக்கான விருது கிடைத்தது வியப்பிற்குரியது. இவ்வியப்பிற்கு விடை காண்பதே இக்கட்டுரையின் நோக்கம். திரைக்கதை வேறு, உரையாடல் வேறு என்னும் தென்னிந்தியத் திரைத்துறையின் தொழிற்பிரிவே இவ்வாயிலைத் திறந்தது என்பதும், அவ்வாயிலில் நின்ற மொழிபெயர்ப்பாளரை வரலாறு போதிய அளவு கண்டுகொள்ளவில்லை என்பதும் இங்கு முன்வைக்கப்படும் கருத்துகளாகும்.

2. பன்மொழித் தொடக்கம்

கன்னடப் பேசும்படத்தின் வரலாறு தொடக்கத்திலிருந்தே ஒருமொழி வரலாறாக இருந்ததில்லை. முதற் கன்னடப் பேசும்படமான 'சதி சுலோசனா' 1934 மார்ச் 3ஆம் நாள் பெங்களூரில் வெளியாயிற்று. அதனைத் தயாரித்தவர் பெங்களூரில் வணிகம் செய்த சமன்லால் டூங்காஜி. படப்பிடிப்பு நிகழ்ந்ததோ மராத்தி வழங்கும் கோலாப்பூரில். இயக்கியவர் ஒய்.வி. ராவ் தெலுங்கர். பெள்ளாவெ நரஹரி சாஸ்திரி கன்னட உரையாடலையும் பாடல்களையும் எழுதினார். நாடக மேடையில் பயின்ற சுப்பையா நாயுடு, ஆர். நாகேந்திர ராவ் ஆகியோர் நடித்தனர். இதே ஒய்.வி. ராவ் மூன்றாண்டுகளுக்குப் பின்னர் தமிழில் 'சிந்தாமணி' (1937) என்னும் படத்தை இயக்கிப் பெருவெற்றி கண்டார்.

இயக்குநர் ஒரு மொழியினர், எழுதுவோர் மற்றொரு மொழியினர் என்னும் இவ்வமைப்பு விதிவிலக்காக அமைந்ததன்று. தமிழிலும் இதனைக் காண்கிறோம். அமெரிக்கரான எல்லிஸ் ஆர். டங்கன் 'சதி லீலாவதி' (1936) தொடங்கி 'மந்திரி குமாரி' (1950) வரை தமிழ்ப் படங்களை இயக்கினார். தமிழறியாத அவர் 'அம்பிகாபதி' (1937) படத்தை எடுத்தபோது உரையாடலை இளங்கோவன் எழுதினார். தமிழ்த் திரையில் உரையாடல் தனிக்கலையாக மதிக்கப்பெற்றது இளங்கோவன் காலத்திலிருந்துதான் என்பர். மொழி அறியாத இயக்குநரும் மொழியில் தோய்ந்த எழுத்தாளரும் சேர்ந்து பணியாற்றும் முறை இவ்வாறு 1930களிலேயே வேரூன்றிவிட்டது.

3. தமிழில் எழுத்தாளனின் வாயில்

இதன் விளைவாகத் தமிழ்த் திரையில் எழுத்தாளன் நுழைவதற்குரிய தலைவாயிலாக உரையாடல் அமைந்தது. மு. கருணாநிதி 'ராஜகுமாரி' (1947) வழியாக நுழைந்து 'பராசக்தி' (1952) வழியாகப் புகழின் உச்சியை எட்டினார். சி.என். அண்ணாதுரையின் 'வேலைக்காரி' (1949) மேடையிலிருந்து திரைக்கு வந்தது. உரையாடல்கள் நூல்வடிவிலும் இசைத்தட்டிலும் மக்களை அடைந்தன. எதுகை மோனை அமைந்த நீண்ட தொடர்களை எழுதும் ஆற்றலே எழுத்தாளனின் தகுதிச் சான்றாயிற்று. எழுத்திலிருந்து இயக்கத்திற்குச் சென்ற ஸ்ரீதரும், வீனஸ் பிக்சர்ஸ் தயாரித்த 'கல்யாண பரிசு' (1959) வழியாக இயக்குநராகும் முன்னர் உரையாடலாசிரியராகவே அறியப்பட்டிருந்தார்.

இந்நிலையில், காட்சியால் சிந்திக்கும் ஒருவர், செந்தமிழ் உரையாடலில் பயிற்சி இல்லாதவராயின், எவ்வழியாக நுழைவது? 1970களின் இறுதியில் '16 வயதினிலே' (1977), 'முள்ளும் மலரும்' (1978) ஆகிய படங்கள் பேச்சு வழக்கையும் மௌனத்தையும் திரைக்குக் கொண்டுவந்தபோது இத்தலைவாயிலின் அமைப்பே மாறத் தொடங்கியது. அம்மாற்றம் நிகழ்ந்துகொண்டிருந்த அதே காலத்தில், வேறொரு வாயில் மேற்கே திறந்திருந்தது.

4. பெங்களூரு நோக்கிய வழிகள்

1970கள் வரை கன்னடப் படங்கள் பெரும்பாலும் சென்னையின் படப்பிடிப்பு நிலையங்களையே நம்பியிருந்தன. பெங்களூரில் கண்டீரவா ஸ்டூடியோ 1966இல் தோன்றியது. அரசின் மானியமும் 1960களின் பிற்பகுதி முதல் கிடைக்கலாயிற்று. குறைந்த செலவில், வெளிப்புறப் படப்பிடிப்பில், புதியவர் ஒருவர் படமெடுக்கக்கூடிய சூழல் இதனால் உருவாயிற்று. அச்சூழலில் புதியவர்க்கு இரண்டு வழிகள் தெளிவாகத் தெரிந்தன.

முதலாவது, உதவியாளராகப் பயிலும் வழி. கோலார் மாவட்டத்தில் பிறந்து கன்னடத்திலும் தமிழிலும் படமெடுத்த பி.ஆர். பந்துலுவிடம் பயின்றவர் புட்டண்ணா கணகால். அவர் இயக்குநராக அறிமுகமானது மலையாளத்தில் எடுக்கப்பட்ட 'ஸ்கூல் மாஸ்டர்' (1964) வழியாகவே. கன்னடத்தில் 'பெள்ளி மோட' (1967) பின்னரே வந்தது. தாய்மொழிக்குத் திரும்பும் வழி அண்டை மொழியின் ஊடாகச் சென்றதற்கு இஃது ஒரு தெளிவான சான்று. அவரிடம் உதவியாளராகச் சில காலம் பணியாற்றிய பாரதிராஜா பின்னர்த் தமிழில் '16 வயதினிலே' எடுத்தார்.

இரண்டாவது, நாவலைக் கையிற்கொண்டு நுழையும் வழி. தெலுங்குக் கவிஞரான பட்டாபிராம ரெட்டி, யு.ஆர். அனந்தமூர்த்தியின் 'சம்ஸ்கார' நாவலை 1970இல் படமாக்கினார். திரைக்கதையை எழுதியவர் கிரீஷ் கர்னாட். கர்னாடும் பி.வி. காரந்தும் எஸ்.எல். பைரப்பாவின் நாவலைக் கொண்டு 'வம்ச விருட்ச' (1971) எடுத்தனர். கிரீஷ் காசரவள்ளி அனந்தமூர்த்தியின் கதையைக் கொண்டு 'கடசிராத்த' (1977) எடுத்தார். இவர்கள் அனைவரும் இயக்குநராகப் புதியவர்கள். கன்னட இலக்கியத்தின் மதிப்பு அவர்களுக்கு நுழைவுச்சீட்டாக அமைந்தது எனலாம்.

பாலு மகேந்திராவும் மணிரத்னமும் இவ்விரு வழிகளிலும் வரவில்லை. கன்னட இயக்குநரிடம் உதவியாளராக நெடுங்காலம் பயின்றவர்களும் அல்லர். கன்னட நாவலைக் கையிற்கொண்டவர்களும் அல்லர். அவர்கள் தாமே எழுதிய திரைக்கதையுடன் வந்தனர்.

5. ஒரு தடையும் அதன் எதிர்பாரா விளைவும்

இங்கே மற்றொரு சூழலையும் விளக்குதல் வேண்டும். பெங்களூருத் திரையரங்குகளில் தமிழ், தெலுங்கு, இந்திப் படங்கள் நேரடியாகவே திரையிடப்பட்டன. இவற்றுடன், பிறமொழிப் படங்களின் கன்னட மொழிமாற்று வடிவங்களும் வந்தபோது, கன்னடக் கலைஞர்க்கு வேலையில்லாமற் போகும் என்னும் அச்சம் எழுந்தது. 1960களின் முற்பகுதியில் அ.ந. கிருஷ்ணராவ் முதலிய எழுத்தாளர் முன்னின்று மொழிமாற்றுப் படங்களை எதிர்த்தனர். நடிகர் ராஜ்குமாரும் அவ்வெதிர்ப்பை ஆதரித்தார். சட்டம் எதுவும் இயற்றப்படாமலே, திரைத்துறை அமைப்புகளின் கட்டுப்பாட்டினால், கன்னட மொழிமாற்றுப் படங்கள் நின்றுபோயின. இந்தியப் போட்டி ஆணையம் 2015இல் இக்கட்டுப்பாட்டிற்கு எதிராகத் தீர்ப்பளித்தது. 2017இல் 'என்னை அறிந்தால்' என்னும் தமிழ்ப் படம் கன்னடக் குரலுடன் வெளியான பின்னரே நிலைமை மாறத் தொடங்கியது.

இத்தடையின் மொழியியல் விளைவு கூர்ந்து நோக்கத்தக்கது. முடிந்த தமிழ்ப் படம் ஒன்றைக் கன்னடத்திற்கு மொழிமாற்ற இயலாது. ஆனால் எடுக்கப்படாத ஒரு படத்தைக் கன்னடத்திலேயே எடுக்கத் தடையில்லை. எனவே அண்டை மொழியினர் கன்னட மக்களை அடைய வேண்டுமாயின், படப்பிடிப்புக்கு முன்னரே கன்னட உரையாடல் எழுதப்பட வேண்டும். மொழிமாற்றுப் படத்தில் உரையாடலாசிரியர் முடிந்த உதட்டசைவுக்குள் சொற்களைத் திணிக்க வேண்டும். நேரடிப் படத்திலோ, நடிகர் வாய் திறப்பதற்கு முன்பே அவர் சொற்களைத் தேர்ந்துவிடுகிறார். நடிப்பும் காட்சியின் நீளமும் அச்சொற்களுக்கேற்ப அமைகின்றன. ஒருவகை மொழிபெயர்ப்பைத் தடுத்த கட்டுப்பாடு, அதனினும் ஆழமான மற்றொருவகை மொழிபெயர்ப்பிற்கு இடமளித்தது.

6. கோகிலா

பாலு மகேந்திரா இலங்கையின் மட்டக்களப்புப் பகுதியில் பிறந்த தமிழர். புனே திரைப்படக் கல்லூரியில் ஒளிப்பதிவு பயின்றார். ராமு காரியாத்தின் 'நெல்லு' (1974) முதலான மலையாளப் படங்களில் ஒளிப்பதிவாளராகப் பெயர் பெற்றார். எழுதவும் இயக்கவும் அவருக்குக் கிடைத்த முதல் வாய்ப்பு கன்னடத்தில் 'கோகிலா' ஆயிற்று. இலங்கைத் தமிழர், மலையாளத்தில் பயின்ற கை, கன்னட உரையாடல், வங்காளியரான சலீல் சௌத்ரியின் இசை, கமல்ஹாசன், ஷோபா, ரோஜாரமணி ஆகியோரின் நடிப்பு: இவ்வொரு படத்திற்குள் சந்தித்த மொழிகள் பல.

ஒரு வீட்டில் வந்து தங்கும் இளைஞன், அவ்வீட்டுப் பெண்ணை விரும்புவதும், ஒரு கணத் தடுமாற்றத்தால் அவ்வீட்டுப் பணிப்பெண்ணின் வாழ்வோடு பிணைவதும் இப்படத்தின் கதை. நிகழ்ச்சிகளின் அழுத்தம் பேச்சில் அன்றிப் பார்வையிலும் ஒளியிலும் தங்கியுள்ளது. இதற்கான ஒளிப்பதிவு தேசிய விருது பெற்றது. படம் சென்னையில் கன்னடத்திலேயே வெளியாகி, நூறு நாட்களைக் கடந்து ஓடியது. மொழிமாற்றம் இன்றி ஒரு கன்னடப் படத்தைத் தமிழ் மக்கள் இவ்வாறு ஏற்றது அரிய நிகழ்ச்சியாகும். இரு மொழிகளின் உறவு இதற்கு ஓரளவு துணைசெய்திருக்கலாம். உரையாடலின் துணை குறைந்தும் புரியுமாறு எழுதப்பட்ட திரைக்கதையே முதன்மைக் காரணம் எனக் கருதலாம்.

இப்படத்தில் அறிமுகமான மோகன் கன்னட நாடக மேடையிலிருந்து வந்தவர். அவர் பின்னர்ப் பாலு மகேந்திராவின் 'மூடுபனி' (1980) வழியாகத் தமிழுக்கு வந்து முன்னணி நடிகரானார். வாயில் இருபுறமும் திறந்தது என்பதற்கு இது சான்று. பாலு மகேந்திரா தமிழில் இயக்கிய முதற்படமான 'அழியாத கோலங்கள்' 1979இல்தான் வந்தது.

7. பல்லவி அனுபல்லவி

மணிரத்னம் மேலாண்மைக் கல்வி பயின்று, ஆலோசகராகப் பணிபுரிந்தவர். பி.ஆர். பந்துலுவின் மகன் ரவிசங்கர் இயக்கிய 'பங்காரத கனி' (1983) என்னும் கன்னடப் படத்தின் எழுத்துப் பணியில் பங்கு கொண்டதே அவருடைய முதற் பயிற்சி. பின்னர்த் தாமே ஒரு திரைக்கதையை ஆங்கிலத்தில் எழுதினார். உறவினரான வீனஸ் கிருஷ்ணமூர்த்தி, குறைந்த செலவில், கன்னடத்தில் எடுக்கவேண்டும் என்னும் கட்டுப்பாட்டுடன் அதனைத் தயாரிக்க இசைந்தார். திரைத்துறையில் உறவின் துணை பெற்றவர்க்கும் முதல் வாய்ப்பு அண்டை மொழியில்தான் கிடைத்தது என்பது எண்ணத்தக்கது. புதியவரை நம்பிப் பணம் இடுவோர், இழப்பு வந்தால் தாங்கக்கூடிய சிறிய சந்தையில் அவரைச் சோதித்துப் பார்த்தனர் எனல் பொருந்தும்.

அவரைச் சூழ்ந்து நின்றவர்களோ தேர்ந்தவர்கள்: ஒளிப்பதிவு பாலு மகேந்திரா, இசை இளையராஜா, படத்தொகுப்பு பி. லெனின், கலை தோட்டா தரணி. கதைநாயகனாக நடித்த அனில் கபூர் அப்போது பெயர் பெறாதவர். நாயகியராக லட்சுமியும் கிரண் வைராலேயும் நடித்தனர். கன்னட உரையாடலையும் பாடல்களையும் எழுதியவர் ஆர்.என். ஜெயகோபால்.

இங்கு வரலாறு ஒரு வட்டத்தை நிறைவு செய்வதைக் காண்கிறோம். ஜெயகோபால், 'சதி சுலோசனா'வில் நடித்த ஆர். நாகேந்திர ராவின் மகன். லட்சுமி, அப்படத்தை இயக்கிய ஒய்.வி. ராவின் மகள். 1934இல் தெலுங்கு இயக்குநரும் கன்னட மேடை நடிகரும் கூடித் தொடங்கியதை, சுமார் அரை நூற்றாண்டுக்குப் பின் அவர்தம் மக்கள் ஒரு தமிழ் இளைஞரின் முதற்படத்தில் தொடர்ந்தனர்.

8. முன்னிலை இடப்பெயரும் மொழிபெயர்ப்பும்

ஆங்கிலத்தில் எழுதப்பட்ட திரைக்கதை கன்னட உரையாடலாகும்போது நிகழ்வது என்ன? ஒரே ஒரு கூற்றை மட்டும் எடுத்துக்கொள்வோம். ஆங்கிலத்தில் முன்னிலைக்கு ஒரே இடப்பெயர்தான் உண்டு. கன்னடத்திலோ 'நீனு', 'நீவு' என்னும் இரண்டும், மிகுமரியாதைக்கு உரிய 'தாவு' என்பதும் உண்டு. தமிழின் 'நீ', 'நீங்கள்', 'தாங்கள்' ஆகியவற்றோடு இவை பெரிதும் ஒத்தவை. இடப்பெயரை விட்டுவிட்டுத் தப்பவும் வழியில்லை. 'வா', 'வாருங்கள்' என்பன போலவே கன்னடத்தில் 'பா', 'பன்னி' என வினையே உறவை வெளிப்படுத்திவிடும்.

'பல்லவி அனுபல்லவி' ஓர் இளைஞனுக்கும், கணவனைப் பிரிந்து வாழும், அவனினும் மூத்த பெண்ணுக்கும் இடையே வளரும் உறவைப் பேசுகிறது. காதலா, நட்பா, மதிப்பா என்று பெயரிட முடியாததே அவ்வுறவின் சிக்கல். ஆங்கிலப் படியில் இச்சிக்கல் சொல்லப்படாமலே இருக்கலாம். கன்னடத்தில் ஒவ்வொரு வாக்கியத்திலும் அதற்கு ஒரு முடிவு கட்டப்பட்டாக வேண்டும். அவன் அவளை எவ்வாறு விளிப்பது? எந்தக் காட்சியில் விளி மாறலாம்? ஊரார் அவளைப் பற்றிப் பேசும்போது 'அவளு' என்பரா, சற்று மதிப்புடைய 'ஆகெ' என்பரா, 'அவரு' என்பரா? தமிழில் 'அவள்', 'அவர்' என்னும் இரண்டே படிகள் பெருவழக்கில் நிற்க, கன்னடம் இடையில் மற்றொரு படியையும் வைத்திருக்கிறது. இது தமிழிலிருந்து பெயர்த்தாலும் எழக்கூடிய சிக்கலாகும். நெருங்கிய மொழிகளுக்கு இடையேயும் மொழிபெயர்ப்பு எளிதன்று என்பதற்கு இஃது எடுத்துக்காட்டு.

'கோகிலா'விலும் இதே வினா வேறு வடிவில் எழுகிறது. வீட்டுப்பெண், பணிப்பெண் ஆகிய இருவரையும் ஓர் இளைஞன் விளிக்கும் முறையில் வர்க்க வேறுபாடு முழுவதும் அடங்கிவிடும். இதனோடு வட்டார வழக்கும் சேர்கிறது. பெங்களூரு, மைசூருப் பகுதிக் கன்னடமும் தார்வாடப் பகுதிக் கன்னடமும் வினைமுற்றிலும் தொனியிலும் வேறுபடுவன. ஒரு பாத்திரத்திற்கு எவ்வழக்கைத் தருவது என்னும் முடிவு, அப்பாத்திரத்தின் ஊர், சாதி, கல்வி ஆகியவற்றைப் பற்றிய முடிவுமாகும். இம்முடிவுகளுக்கு மண்ணின் மொழியறிவு இன்றியமையாதது.

ஆகவே, திரைக்கதை ஒருவருடையது, உரையாடல் மற்றொருவருடையது என்று கோடு கிழித்தல் எளிதன்று. நிகழ்ச்சிகளின் ஒழுங்கு, காட்சிகளின் நீளம், மௌனத்தின் இடம் ஆகியவை திரைக்கதையாசிரியர் வகுப்பவை. அம்மௌனத்திற்கு முன்னும் பின்னும் வரும் சொல்லில் உறவின் அளவை நிறுப்பவர் உரையாடலாசிரியர். விருது முன்னவர்க்குத் திரைக்கதையின் பெயரால் கிடைத்தது முறையே. எனினும், அத்திரைக்கதை கன்னட மக்களுக்குத் தம் மொழியில் எழுதப்பட்டதாகவே தோன்றியதற்குப் பின்னவரின் பங்கும் காரணம் என்பதை மறுத்தற்கில்லை.

9. முடிவுரை

மேற்கூறியவற்றிலிருந்து சில முடிவுகளுக்கு வரலாம்.

முதலாவதாக, தமிழ்த் திரையில் உரையாடலே தலைவாயிலாக இருந்த காலத்தின் இறுதியில், காட்சிவழிச் சிந்தித்த இருவர் அண்டை மொழியில் நுழைந்தனர். தம் தாய்மொழியின் சொல்வளத்தைச் சார்ந்திருக்க இயலாத நிலை, சொல்லின்றிக் கதை சொல்லும் பயிற்சியை அவர்களுக்கு அளித்தது. 'அழியாத கோலங்கள்', 'மௌன ராகம்' (1986) ஆகிய தமிழ்ப் படங்களின் சொற்சுருக்கத்திற்கு வேறு காரணங்களும் உண்டு. இப்பயிற்சியும் அவற்றுள் ஒன்றாகக் கருதத்தக்கது.

இரண்டாவதாக, அவர்களுக்கு வாயில் திறந்தது கன்னடத் திரையின் சிறுமையால் அன்று. அரசின் மானியம், நேரடிப் படங்களுக்கு முதன்மை தந்த கட்டுப்பாடு, புதியவர்க்கு இடமளித்த நாடக, இலக்கியச் சூழல் ஆகியவை கூடி அவ்வாயிலை அமைத்தன. தமிழ்த் திரை வரலாறு இக்கடனை வெளிப்படையாக ஏற்றல் வேண்டும். 'கோகிலா'வையும் 'பல்லவி அனுபல்லவி'யையும் தமிழ் இயக்குநரின் முன்வரலாறாக மட்டும் குறிப்பிட்டு அப்பாற் செல்வது, அவை கன்னடப் படங்கள் என்பதை மறப்பதாகும்.

மூன்றாவதாக, மொழிபெயர்ப்பியல் இத்துறையில் செய்யவேண்டிய பணி பெரிது. கவிதை, நாவல், சட்டம், அறிவியல் ஆகியவற்றின் மொழிபெயர்ப்பை ஆராய்ந்துள்ள அளவிற்கு, திரைக்கதை உரையாடலாக மாறும் முறையை நாம் ஆராயவில்லை. உரையாடலாசிரியரை மொழிபெயர்ப்பாளராகக் கொண்டால், மூலப்படி, கன்னட உரையாடற்படி, படத்தில் ஒலிக்கும் பேச்சு ஆகிய மூன்றையும் ஒப்பிடும் வாய்ப்பு ஏற்படும். முன்னிலை விளி, உறவுப்பெயர், வட்டார வழக்கு ஆகிய மூன்றை மட்டும் கொண்டு தொடங்கினாலே பயன் மிகுதியாக விளையும்.

அதற்கு உரையாடற்படிகள் வேண்டும். படப்பிடிப்பு முடிந்ததும் அவற்றைப் பயன் தீர்ந்த தாளாகக் கருதுவதே வழக்கம். படச்சுருளைக் காப்பதில் காட்டப்படும் அக்கறை தாளுக்குக் காட்டப்படுவதில்லை. ஜெயகோபால் 2008இலும் பாலு மகேந்திரா 2014இலும் மறைந்தனர். அத்தலைமுறையின் உதவியாளரும் எழுத்தரும் வீட்டுப் பரண்களில் வைத்திருக்கக்கூடிய படிகளைத் தேடித் தொகுப்பதற்கான காலம் குறுகிவருகிறது. பெங்களூரிலும் சென்னையிலும் அப்பணியை இரு மொழியாரும் சேர்ந்து தொடங்குவரேல், புதியவர் ஒருவர் எவ்வாறு நுழைந்தார் என்னும் வினாவிற்கு மட்டுமன்றி, அவர் நுழைய வழிகாட்டி நின்ற மொழிபெயர்ப்பாளர் யார் என்னும் வினாவிற்கும் விடை கிடைக்கும்.